எதில் காற்றை இறக்குவது?

1. மூன்று வரி ஃபேக்ஸ்

"தினமும் மாலையில் எல்லா டயர்களிலும் காற்றை இறக்கிவிட வேண்டும் என்று சென்னையில் கற்றுக்கொடுத்தீர்களா? சார்ஜென்ட் மோசஸ் அப்படித்தான் சாதிக்கிறார். இல்லையென்றால் அவர் பதவிப் பட்டையை இழக்க வேண்டியிருக்கும், உடனே பதில் தேவை."

ஃபேக்ஸில் இவ்வளவுதான் இருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஒரு சிறிய நாட்டிலிருந்து வந்திருந்தது. அனுப்பியவர், அந்த நாட்டுப் படைக்கு உதவியாக நம் படையிலிருந்து போயிருந்த ஒரு மேஜர். நாட்டின் பெயரை எங்கும் எழுத மாட்டேன் என்று இந்தப் பயிற்சி வேலை தொடங்கிய அன்றே ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் இங்கேயும் எழுதவில்லை.

எங்கள் மேனேஜர் படித்துவிட்டுச் சிரித்தார். "எவனாவது டெய்லி டயர்ல காத்து இறக்கச் சொல்வானாம்மா? அந்த ஆள் எதையோ தப்பாப் புரிஞ்சிருக்கான். 'நோ'ன்னு ஒரு வரி டைப் பண்ணி அனுப்பிடு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று சொல்ல நாலைந்து மாதம் பின்னால் போக வேண்டும். பயிற்சிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் உங்களைவிட நாலு வயதுதான் மூத்தவள். பெரிய மனுஷி மாதிரி பேசுவதாக நினைக்க வேண்டாம்.

2. பதினான்கு லாரி, எட்டுப் பேர்

பி.ஏ. ஆங்கிலம் முடித்த கையோடு எண்ணூரில் கனரக வண்டிப் பயிற்சிக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். அப்பாவுக்குக் காலடிப்பேட்டையில் மளிகைக் கடை. தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து வந்து வேரூன்றிய குடும்பம். திருவொற்றியூரிலிருந்து கும்மிடிப்பூண்டி ரயிலில் வேலைக்குப் போய் வருவேன். கடல் பக்கம் கப்பல் தெரிந்தால் அது எந்த ஊருக்குப் போகும் என்று யோசிப்பது என் பழக்கம். தாம்பரம் தாண்டினால் எனக்குத் தெரிந்தது நாசரேத் மட்டும்தான்.

அப்போதுதான் அந்த ஒப்பந்தம் வந்தது. உள்நாட்டுச் சண்டை முடிந்து அந்த நாடு புதிதாகப் படை அமைத்துக்கொண்டிருந்தது. நம் அரசு பதினான்கு லாரி கொடுத்தது. அவற்றைப் பார்த்துக்கொள்ள எட்டு ராணுவ மெக்கானிக்குகள் எங்களிடம் ஆறு வாரம் பயிற்சிக்கு வந்தார்கள். கற்றுக்கொடுத்தவர் வியாசர்பாடி கஜேந்திரன். எல்லோருக்கும் கஜா அண்ணன். ஏர் பிரேக் அவருக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. ஆங்கிலம் அவருக்கு வராது. அதற்குத்தான் நான்.

எட்டுப் பேரில் மூத்தவர் சார்ஜென்ட் மோசஸ். நல்ல உயரம், மெதுவான பேச்சு. மூன்றாம் நாளே கஜா அண்ணனைப் பார்த்து "இன்னா நைனா" என்றார்.

"பாத்தியா டீச்சரு, பஷ்ட் கிளாஸா பேசறான் என் தோஸ்து! நீ இன்னும் 'என்ன, என்ன'ன்னு சொல்லிகினு கீற" என்றார் அவர் என்னிடம். அவருக்கு நான் எப்போதும் டீச்சர்தான்.

ஒருநாள் டீ இடைவேளையில் மோசஸ் சொன்னதை நான் வரிக்கு வரி மொழிபெயர்த்தேன். "சண்டைக் காலத்தில் லாரி சத்தம் கேட்டால் எங்கள் ஜனங்கள் காட்டுக்குள் ஓடுவார்கள். வருவது யாராக இருந்தாலும் ஓட்டம்தான். இப்போது அதே சத்தத்தைக் கேட்டு அவர்கள் வெளியே வர வேண்டும். காலை ஆறு மணிக்கு எங்கள் லாரி முன்னால் போகும், அவர்கள் மூட்டையோடு பின்னால் வருவார்கள், சந்தை வரைக்கும். வழியில் கொள்ளைக்காரர்கள் இருக்கிறார்கள். ஒருநாள் லாரி வராவிட்டால், மறுநாள் வந்தாலும் நம்பமாட்டார்கள்."

கஜா அண்ணன் டீயைக் கீழே வைத்தார். "அப்போ பிரேக்கு பாடத்த ரெண்டு வாட்டி எடுக்கணும்" என்றார்.

அன்று ரயிலில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு அந்தச் சாலையைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. தோன்றியது என்பது சின்னச் சொல். ஆப்பிரிக்கா வரைபடத்தை வாங்கி மேஜைக்கு மேலே ஒட்டினேன். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டேன்.

3. என் வாயிலிருந்து வந்த சொல்

பிரேக் பாடத்தின் இரண்டாவது நாள். கஜா அண்ணன் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். கால்தான் வெளியே தெரிந்தது. நான் துப்பட்டாவில் கிரீஸ் படாமல் நாலடி தள்ளி நின்றிருந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சாயங்காலம் வண்டிய நிறுத்துனா, காத்த எறக்கிட்டுதான் வூட்டுக்குப் போணும். தெனம். மறந்துடக் கூடாது, சொல்லு."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "தினமும் மாலையில் டயர்களில் காற்றை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும்."

டயர் என்ற சொல்லை அவர் சொல்லவே இல்லை. எங்கள் தெருவில் காற்று இறக்குவது என்றால் அது சைக்கிள் டயரில்தான். வேறு எதில் இறக்குவார்கள்?

மோசஸ் கை தூக்கினார். "எல்லா டயரிலுமா?"

"ஆமாம், எல்லாவற்றிலும்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "உங்கள் ஊர் வெயில்தான் காரணம்" என்று நானாக ஒரு காரணமும் சேர்த்தேன். அவர் பழுப்பு நிற நோட்டில் எழுதிக்கொண்டார்.

அடியிலிருந்து கஜா அண்ணன், "இன்னா கேக்கறாரு?" என்றார்.

"ஒண்ணுமில்லண்ணா. டவுட்டு. நானே கிளியர் பண்ணிட்டேன்."

பயிற்சி முடிந்தது. லாரிகள் கப்பலேறின, எட்டுப் பேரும் ஊருக்குப் போனார்கள். அடுத்தது, அங்கேயே ஒரு ஒர்க்‌ஷாப் அமைக்க ஆறு மாதத்துக்கு மூன்று பேர் போக வேண்டும் என்று முடிவானது. கஜா அண்ணன், ஒரு எலெக்ட்ரீஷியன், நான். பட்டியலில் என் பெயரை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று எண்ணவில்லை.

அப்பா முதலில், "சண்ட நடந்த ஊருன்னுல்லா சொல்லுதாவ, அங்க உனக்கு என்னட்டி சோலி?" என்றார். இரண்டு வாரம் கழித்து ஒருநாள் பாரிமுனையிலிருந்து பெரிய பெட்டி ஒன்றை வாங்கி வந்து என் கட்டில்மேல் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

டிக்கெட் போடுவதற்கு முந்தைய வாரம்தான் அந்த ஃபேக்ஸ் வந்தது.

4. ஒரு வரியா, ஒரு பக்கமா

ஃபேக்ஸை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினேன்.

"அண்ணா, தெனம் காத்து எறக்கச் சொன்னீங்களே, எதுல?"

"பிரேக்குக்குக் காத்து சேத்து வெக்கிற ஏர் டேங்க்குலதாம்மா. பின்ன இன்னா, டயர்லயா?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். "அய்யய்ய... டயருன்னா சொன்ன?"

தலையாட்டினேன்.

"தெனம் அம்மாம் டயருக்கும் காலீல காத்து அடிச்சிகினு இருந்தா வண்டி எத்தினி மணிக்குக் கெளம்பும்? அந்த ஜனங்கோ ரோட்டாண்ட மூட்டைய வெச்சிகினு நிக்குமே." லாரியின் அடிப்பக்கத்தைக் காட்டி, "அது கூட பரவால்ல. தெனம் எறக்கலன்னா காத்துல கீற ஈரம் டேங்க்குல தண்ணியா சேந்துகினே இருக்கும். லைனுக்குள்ள பூந்தா வால்வு துரு புடிக்கும். ஒருநாள் பிரேக்க மிதிச்சா நிக்காது" என்றார்.

"மேனேஜர் 'நோ'ன்னு மட்டும் பதில் போடச் சொல்றாருண்ணா."

"போட்டா மோசஸ் பட்டைய புடுங்கிடுவாங்கோ. போடாம நெசத்த சொன்னா உன் பிளேன் சீட்டு கயண்டுக்கும்." துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். என்ன செய் என்று சொல்லவில்லை. இன்றுவரை அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். 'நோ' என்று அடித்துப் பார்த்தேன். பொய்கூட இல்லை. கற்றுக்கொடுத்தவர் அப்படிச் சொல்லவில்லைதான். ஆனால் 'எல்லா டயரிலுமா?' என்று அந்த மனிதர் கேட்டார். ஒருமுறை சந்தேகப்பட்டு, பிறகு என்னை நம்பினார். அழித்துவிட்டு ஒரு பக்கம் எழுதினேன். பயிற்சியாளர் சொன்னது ஏர் டேங்க்கை; டயர் என்று மாற்றிச் சொன்னது நான்; சார்ஜென்ட் நான் சொன்னதை அப்படியே செய்திருக்கிறார்; தயவுசெய்து இன்றே எல்லா டேங்க்கையும் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள். என் பெயரைப் போட்டு மேனேஜரிடம் நீட்டினேன்.

அவர் இரண்டு முறை படித்தார். திட்டவில்லை. "அனுப்பு" என்றார். பிறகு, "உன்னை இனிமே அங்க எப்படிம்மா அனுப்புறது? நீ சொல்றத அவங்க எந்த நம்பிக்கையில கேப்பாங்க?" என்றார்.

மறுநாள் மேஜரிடமிருந்து பதில் வந்தது. பதினான்கு வண்டியிலும் தண்ணீர் இருந்ததாம். மோசஸ் அதே பதவியில் தொடர்கிறாராம்.

அன்று மாலை கஜா அண்ணன் லாரிக்குக் கீழே ஒரு கோணியை விரித்தார். "படு. கைய வெச்சு இஸ்து பாரு." டேங்க்கின் அடியில் இருந்த வளையத்தை இழுத்தேன். புஸ்ஸென்ற சத்தத்தோடு எண்ணெய் கலந்த பழுப்புத் தண்ணீர் முகத்தில் அடித்தது. "இதான் காத்து எறக்கறது" என்றார். அடுத்த பத்து நாள் லாரிக்கு அடியில் கிடந்தே ஆங்கிலத்தில் ஒரு பராமரிப்புக் கையேடு எழுதினேன். ஒவ்வொரு வரியையும் அவருக்குத் தமிழில் படித்துக் காட்டி, அவர் "ஆங்" என்ற பிறகுதான் அடுத்த வரி. கையேடு அவரோடு விமானம் ஏறியது. அப்பா பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

5. உங்களுக்கு

நான் கற்றது இதுதான். கை வைத்துப் பார்க்காத வேலையை மொழிபெயர்க்காதீர்கள். எதிரில் இருப்பவர் இரண்டாவது முறை கேட்டால், உங்களுக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல், தெரிந்தவரிடம் போய்க் கேளுங்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் அலுவலகத்துக்கு போன் வந்தது. கஜா அண்ணன். "டீச்சரு! உன் புக்க செவுத்துல மாட்டி வெச்சுக்கிறாங்கோ. இந்தா, தோஸ்து பேசணுமாம்." மோசஸின் மெதுவான குரல் வந்தது. "சிஸ்டர், இன்றைக்குச் சந்தை. கேளுங்கள்" என்றவர் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருக்க வேண்டும்.

ஒரே இரைச்சல். ஆடு கத்தியது, யாரோ சிரித்தார்கள். ஒரு பெண் ஏதோ ஒரு சொல்லை ராகம்போட்டுக் கூவிக் கூவி விற்றாள். எனக்குத் தெரியாத மொழி. அவள் விற்றது பழமா, மீனா, துணியா? கேட்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. அந்தச் சொல்லை எனக்குக் கேட்ட மாதிரியே தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். அர்த்தம் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.