கெனடி ரோட்டில் கேட்ட மாட்டு மணி

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். கப்பலிலும் காட்டிலும் கண்ட இடத்திலெல்லாம் படுத்தெழும்பியவனுக்குப் பசியும் குளிரும்தான் பயம், அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபமில்லை. எண்பத்தேழாம் ஆண்டு, நான் அகதியாய் வந்த இந்தப் பனி நாட்டில் ஒரு குளிர்காலப் பின்னேரம், வோபர்னில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிய வேலையை விட்டுவிட்டு மேற்கே நடந்துகொண்டிருந்தேன். முதலாளியோடு சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரே இடத்தில் நின்று எனக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்வி. பனி கொட்டியதில் பஸ் நின்றுபோக, தோளில் பையோடு நடந்தேன். வெள்ளனவே இருட்டிவிட்டது. டோர்செட் பார்க் பக்கம் வரும்போது முன்னுக்கு நீட்டிய என் கையே எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் மாட்டு மணி கேட்டது.

சும்மா ஒரு மணி என்றால் குளிரில் காது இரைகிறது என்று நடந்திருப்பேன். இது எனக்குத் தெரிந்த மணி. அதைச் சொல்ல முதலில் கென்யாவைச் சொல்லவேண்டும்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கப்பலில் வேலை செய்து, மொம்பாசாவில் இறங்கி, திரும்பி ஏறாமல் நின்றுவிட்டேன். ஜீப் ஓட்டத் தெரிந்ததால், மாசாய் மக்களுக்கு மருந்து கொண்டுபோகிற ஒரு சின்ன மருத்துவக் குழுவில் டிரைவர் வேலை கிடைத்தது. மாசாய்கள் மாட்டோடு போகிற சனம், புல் முடிந்தால் ஊரே எழும்பி நடக்கும். நாங்கள் முதலில் ஒரு இடத்தில் கூடாரம் அடித்துக் காத்திருந்தோம், ஒருவரும் வரவில்லை. தேடிப்போனால் சாம்பலும் சாணமும்தான் கிடந்தன. பிறகு அந்தச் சனமே ஒரு வேலமரத்தடியில் கூடி, மருந்து வேலை பழகத் தங்களுக்குள் ஒருத்தியைத் தெரிந்தெடுத்தது. நசேரியன் என்று பெயர். வயிற்றோட்டத்தில் தன் பிள்ளையைப் பறிகொடுத்தவள், அதனாலேயே அவளைத் தெரிந்தெடுத்தார்கள். அவள் எங்கள் நர்ஸிடம் உப்புச்சீனித் தண்ணீர் கலக்கவும் காய்ச்சல் பார்க்கவும் பழகி, மாட்டுக்குப் பின்னால் நடந்தபடியே தன் சனம் முழுவதையும் பார்த்துக்கொண்டாள். கன்றுகளுக்கு ஊசி போடுகிற நாளிலேயே பிள்ளைகளுக்கும் போடலாம் என்று முடிவெடுத்ததும் அவர்கள்தான். அதற்குப் பிறகு எங்கள் ஜீப்பைக் கண்டால் ஒளித்தோடிய தாய்மாரே பிள்ளைகளை வரிசையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்த ஜீப்பை ஓட்டியவன் நான் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிரும்.

அவர்களைக் கண்டுபிடிக்கிற வழியையும் நசேரியன்தான் சொல்லித்தந்தாள். அவள் பேசியது சுவாஹிலி, எங்கள் பேச்சில் இப்படி வரும்: "ஏன் உந்த ஜீப்பை உறுமவிட்டுக்கொண்டு அலையிறாய்? நிப்பாட்டிப்போட்டுக் காதைக் குடு. நாங்கள் எங்கை நிக்கிறம் எண்டு மாடு சொல்லும்." அப்படித்தான் தேடினோம், அவளுடைய முன்மாட்டின் மணியைக் கேட்டுக் கேட்டு. ஒருநாள் அந்த மணியின் நாக்கு விழுந்துபோக, ஜீப்பில் கழன்ற ஒரு போல்ட்டை நான்தான் உள்ளே கட்டிக் கொடுத்தேன். கொஞ்சம் கோணலாய்க் கட்டிவிட்டேன். டொக், டொடொக், பிறகு ஒரு இழுவை, பிறகு டொக். நொண்டி மணி என்று அந்தச் சனம் என்னைப் பார்த்துச் சிரிக்கும். நான் கென்யாவை விட்டு வெளிக்கிடும்போதும் அது அந்த மாட்டின் கழுத்தில்தான் கிடந்தது.

அந்த நொண்டி மணிதான், நம்பினால் நம்புங்கள், கெனடி ரோட்டில் பனிக்குள் கேட்டது.

நான் யோசிக்கவில்லை, கால் பழக்கத்தில் போனது. நான் நின்றால் அதுவும் நின்றது, நடந்தால் முன்னுக்குப் போனது. ஒரு அப்பார்ட்மென்ட் வாசலில் என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஓய்ந்துபோனது. கண்ணாடிக் கதவுக்குள் ஒரு இளம்பெண், வீட்டுச் சட்டையும் வெறுங்காலுமாக, கையில் போர்வையில் சுற்றிய பிள்ளையோடு நின்றாள்.

"தமிழோ?" என்றேன்.

"ஓம் அண்ணன். இவனுக்கு நேற்றிலிருந்து வயித்தால போகுது, சத்தியும் நிக்குதில்ல. இப்ப சுருண்டு போனான்."

மட்டக்களப்புப் பேச்சு. புருஷன் வேலைக்குப் போன இடத்தில் பனியில் அகப்பட்டுவிட்டானாம்.

"அம்புலன்ஸுக்கு அடிச்சனீங்களோ?"

"எங்கட அகதிக் கேஸ் இன்னும் முடியல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனா பிடிச்சுத் திருப்பி அனுப்பிருவாங்களாம்."

"ஆர் சொன்ன கதை உது? நானே கேஸ் முடியாமல், கால் முறிஞ்சு ஆஸ்பத்திரியிலை கிடந்தனான், தங்கச்சி. ஜெலியும் தந்து தலையணையும் தட்டிப் போட்டவங்கள். முதல் போனைக் காட்டுங்கோ."

மேலே அவளுடைய வீட்டிலிருந்து என் ஓட்டை ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். வருகிறோம், ஆனால் பனியில் சுணங்கும் என்றார்கள். பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தேன், கிள்ளியது கிள்ளியபடியே நின்றது. முனகி அழுகிறான், கண்ணீர் இல்லை. அம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க முடியாது, அடுப்படிக்குப் போனேன். கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றர், மட்டமாய் ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. நாக்கில் வைத்துப் பார்த்தேன், கண்ணீரைவிடக் கரிக்கக்கூடாது என்பாள் நசேரியன். கரண்டி உதட்டில் பட்டதும் வாயைத் திறந்து விழுங்கினான். கொஞ்சத்தில் சத்தியெடுத்தான்.

"எல்லாம் வெளியில வந்திட்டே அண்ணன்!"

"வரட்டும். கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் குடுப்பம். ஆர் முதல் களைக்கிறது எண்டு பாப்பம்."

அவன்தான் களைத்தான், பிறகு குடித்தது உள்ளே நின்றது. அம்புலன்ஸ்காரர் கதவைத் தட்டும்போது, கரண்டியை ஏன் எடுத்தாய் என்று என்னோடு கோபித்து அழுதுகொண்டிருந்தான், இரண்டு கன்னத்திலும் கண்ணீர். அதைப்போல நல்ல சத்தம் நான் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள், பிழைத்துக்கொள்வான் என்றார்கள். விடாமல் குடிக்கக் கொடுத்தது நல்லதாய்ப் போயிற்று, எங்கே பழகினாய் என்று நர்ஸ் கேட்டாள். "மாசாய் சனத்திட்டை" என்பதை ஆங்கிலத்தில் நிமிர்ந்து நின்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தன் சிநேகிதி டோர்செட் பார்க்கில் வீடு வீடாய்ப் போகிற ஒரு சுகாதார நிலையத்தில் இருக்கிறாள், தமிழ் பேசி வான் ஓட்ட ஆள் தேடுகிறாள், விடிந்ததும் போய்ப் பார் என்றாள்.

நான் வெளிக்கிடும்போது தாய் கூப்பிட்டாள். "அண்ணன், மாட்ட எங்க விட்டிட்டு வந்தீங்க?"

"என்ன மாடு?"

"மணியக் கேட்டுத்தானே நான் கீழ இறங்கி வந்த. எங்கட படுவான்கரையில பட்டி மாட்டு மணி கேட்டா, பின்னால ஆக்கள் வருவாங்க. ஆரோ வாறாங்க எண்டுதான் புள்ளையத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த."

மணியைப் பற்றி நான் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. அவள் அந்தக் கரண்டியை இன்னும் கையில் வைத்திருந்தாள். அதால் கட்டில் கம்பியில் தட்டிக் காட்டினாள். டொக், டொடொக். ஒரு இழுவை. டொக். என் கோணல் போல்ட். இன்றைக்கும் யாராவது கரண்டியால் எதையாவது தட்டினால் நான் வாசலைத் திரும்பிப் பார்ப்பேன்.

விடிய, ஈரச் சப்பாத்தோடேயே அந்தச் சுகாதார நிலையத்துக்குப் போனேன், அங்கேயே வான் திறப்பைக் கையில் தந்தார்கள். பக்கத்தில் ஏறியிருந்த, நர்ஸின் சிநேகிதி, இந்தத் தமிழ்ச் சனம் அடிக்கடி வீடு மாறுகிறது, யார் எந்தக் கட்டடத்தில் என்றே தெரியவில்லை, எங்கேயிருந்து தொடங்குவது என்று கேட்டாள்.

நான் கெனடி ரோட்டோரம் வானை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கினேன்.

"குளிர் வருகிறது, என்ன செய்கிறாய்?" என்றாள்.

கொஞ்சம் பேசாமல் காதைக் கொடுக்கச் சொன்னேன்.