செவலைக் குதிரையில் வந்தவர்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு சண்டை போட எனக்கு இப்போது தெம்பு இல்லை. ஊரில் போதுமான அளவுக்குப் போட்டாகிவிட்டது. குடித்திருந்தாள் என்றார்கள். பனிமூட்டத்தில் பயந்துபோய் உளறுகிறாள் என்றார்கள். நான் குடிப்பதில்லை. அன்றைக்கு எனக்குப் பயமும் இல்லை. கோபம்தான் இருந்தது. அப்படி ஒரு கோபம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. அதனால்தான் ஒவ்வொன்றும் அப்படியே நினைவிருக்கிறது.

என் பெயர் மொரீன் டெபட். 1979ல் மேஜர் ஹேவர்பியின் லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்து நரி வேட்டையை நடத்தும் தலைவர், அதாவது மாஸ்டர், அவர்தான். வேட்டை நாய்கள் அவருடையவை. குதிரைகள் அவருடையவை. நாங்கள் குடியிருந்த வீடுகளும் அவருடையவை. அதனால் மனிதர்களும் தனக்குச் சொந்தம் என்று அவருக்கு ஒரு நினைப்பு. அக்டோபரில் இலை உதிரத் தொடங்கினால் போதும், மனிதர் தரையில் நிற்கமாட்டார். வாரம் மூன்று நாள் வேட்டை. குதிரை செத்தாலும் வேட்டை நிற்காது. அதற்கு முந்தின வருடம் அப்படி ஒன்று செத்தும் போனது.

அந்த நவம்பர் காலையில் லாயத்திலேயே தகராறு ஆரம்பித்துவிட்டது. பிரையர் என்று ஒரு செவலைக் குதிரை. தாயில்லாக் குட்டியாக வந்ததைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் நான். அதன் முன்னங்கால் வீங்கியிருந்தது. விரலை வைத்தாலே துடித்தது.

“மாஸ்டர், இன்னிக்கு பிரையர் வேணாம். கால் வீங்கியிருக்கு. வேற குதிரை எடுத்துக்குங்க.”

“ஓய்வு வேணும்கிறது குதிரையா, நீயா?”

“ஒரு தடவை தொட்டுப் பாருங்க.”

அவர் தொடவில்லை. முற்றத்தில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். “கேட்டீங்களாப்பா? சாணி அள்றவ எனக்குக் குதிரையேத்தம் சொல்லித் தர்றா!”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் வீடு போய்விடும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சேணத்தை இறுக்கினேன். பிரையர் என் தோளில் முகத்தை வைத்து அழுத்தியது. அதன் கண்ணைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

வேட்டை நாளில் மாஸ்டருக்கு ஒரு குதிரை போதாது. மதியத்துக்கு மேல் முதல் குதிரை ஓய்ந்துவிடும். இரண்டாவது குதிரையோடு யாராவது வழியில் காத்திருக்க வேண்டும். அது என் வேலை. டோபி என்ற கறுப்புக் குதிரையைப் பிடித்துக்கொண்டு, பழைய சுங்கச்சாவடி முனையில் போய் நின்றேன்.

மதியமே பனி இறங்கிவிட்டது. எதிரே இருந்த மரம் தெரியவில்லை. நாய்களின் குரல் ஒரு நேரம் மேட்டுப் பக்கம் கேட்டது. ஒரு நேரம் ஓடைப் பக்கம் கேட்டது. நடுநடுவே ஊதுகொம்பின் சத்தம். பிளாஸ்கில் இருந்த தேநீர் ஆறிப்போனது. எனக்குக் கோபம் மட்டும் ஆறவில்லை. வந்ததும் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று மனத்துக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மணி மூன்று பத்து. கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த நிமிடத்தில் நாய்களின் சத்தம் நின்றது. தேய்ந்து மறையவில்லை. கத்தரித்ததுபோல் நின்றது.

பிறகு குளம்புச் சத்தம்...

டக். டக். டக். டக்.

நான்கு காலும் ஒரே சீராக விழுந்தன. அதுதான் முதலில் உறுத்தியது. வீங்கிய காலோடு காலையிலிருந்து ஓடிய குதிரை, எப்படிச் சீராக நடக்கும்?

பனிக்குள்ளிருந்து பிரையர் வந்தது. மேலே மாஸ்டர். அதே சிவப்புக் கோட்டு. அதே தொப்பி. கழுத்துத் துணியை மூக்குவரை ஏற்றிக் கட்டியிருந்தார். இறங்கினார். கடிவாள வாரை என் கையில் கொடுத்தார். திட்டவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாத மாஸ்டரை நான் அன்றுதான் பார்த்தேன். பேசிப் பார்த்து வைத்திருந்ததைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவர் திரும்பிவிட்டார்.

டோபியிடம் போனார். வலது பக்கமாக ஏறினார்.

குதிரையேறும் எவரும் இடது பக்கமாகத்தான் ஏறுவார்கள். சின்ன வயதிலிருந்து பழகிய பழக்கம். மாஸ்டர் வலது பக்கம் ஏறி நான் கண்டதே இல்லை. இன்னொன்று. ஆள் ஏறி உட்கார்ந்தால் சேணம் முனகும். தோல் தோலோடு உரசும் சத்தம் வரும்.

வரவில்லை.

யாரைக் கண்டாலும் கடிக்கப் பாயும் டோபி, காதுகளை மடக்கிக்கொண்டு நடுங்கியது. அவர் அதைத் திருப்பினார். பனிக்குள் போய்விட்டார்.

பிரையரின் கழுத்தில் கையை வைத்தேன். சட்டென்று எடுத்துவிட்டேன். ஓடி வந்த குதிரை வியர்த்து ஆவி பறக்க நிற்கும். இது குளிர்ந்து கிடந்தது. சேணத்தைத் தொட்டேன். நாள் முழுக்க ஒருவர் உட்கார்ந்திருந்த சேணம். அதுவும் குளிர்ந்து கிடந்தது. இரண்டடி நடத்திப் பார்த்தேன். முன்னங்காலை ஊன்றமுடியாமல் நொண்டியது.

அப்போதுதான் சாலையில் அந்தக் குரல் கேட்டது.

“எவ அவ? மொரீனா? ஏய்!”

மாஸ்டரின் குரல். வந்தது கால்நடையாக. கையில் சவுக்கு. முகமெல்லாம் சேறு. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே வந்தார்.

“டோபி எங்கடி?”

“நீங்கதானே இப்ப ஏறிப் போனீங்க?”

“நானா? நான் காலையிலேர்ந்து நடந்துட்டிருக்கேன். இந்தச் சனியன் முதல் வேலியத் தாண்டுறப்பவே என்னைத் தூக்கிப் போட்டுட்டு ஓடிடுச்சு. கத்துறேன், கத்துறேன்... ஒரு பய திரும்பிப் பாக்கல. என்னைத் தாண்டியே போறானுங்க! அந்த நாய்க்காரக் கிழவன் வார்டில் என் மேல மோதுற மாதிரி போறான், கண்டுக்கல! எல்லாரையும் வேலைய விட்டுத் தூக்குறேன் பாரு!”

“அப்ப பிரையர ஓட்டிட்டு வந்தது யாரு?”

“பொய் சொல்லாத. என் குதிரைய எவனுக்குடி கொடுத்த?”

“உங்க கோட்டு, உங்க தொப்பி. நான் என்ன குருடா?”

“நாளைக்கு நீ என் வீட்டுல இருக்கக் கூடாது. மூட்டையக் கட்டு. இதை இப்படிக் கொடு.”

வாருக்குக் கையை நீட்டினார். பிரையர் பின்வாங்கியது. அது வளர்ந்த நாளிலிருந்து எத்தனையோ தடவை அவரைச் சுமந்திருக்கிறது. அன்று அவரைக் கண்டு கண்ணின் வெள்ளை தெரிய மிரண்டது. எனக்கு அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. அவர் சவுக்கை ஓங்கிவிட்டார். முதல் அடி அதன் முகத்தில் விழுந்தது. இரண்டாவது அடி வீங்கிய காலில்.

பிரையர் கத்தியது. குதிரை கத்துவதைக் கேட்டிருக்கிறீர்களா? கேட்காமல் இருப்பதே நல்லது.

“நிறுத்துங்க!”

“இதைக் கொன்னுட்டுத்தான் போவேன்.”

சவுக்கைப் பிடுங்கினேன். ஆறு வருடமாக விழுங்கி வைத்திருந்தது அத்தனையும் கைக்கு வந்துவிட்டது. அவர் முகத்தில் ஓங்கி ஒன்று வைத்தேன். இடது கன்னத்தில், காதிலிருந்து தாடைவரை.

சுளீர்.

திருப்பி அடிப்பார் என்று நின்றேன். அடிக்கவில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபமே இல்லை அந்த முகத்தில். ஏதோ ஆச்சரியம்...

“வலிக்குது,” என்றார்.

“வலிக்கட்டும்! அந்த ஜீவனுக்கும் இப்படித்தான் வலிக்கும்!”

“இல்ல மொரீன்...” குரல் இறங்கிவிட்டது. “விழுந்ததுலேர்ந்து எனக்கு எதுவுமே வலிக்கல. குளிரல. பசிக்கல. இப்பதான்... இதுதான் வலிக்குது.”

அப்போதுதான் கவனித்தேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. என் கோட்டு நனைந்து கனத்தது. அவர் கோட்டிலிருந்த சேறு காய்ந்து வெடித்திருந்தது.

என் மூச்சு புகையாகப் போனது. பிரையரின் மூச்சு புகையாகப் போனது.

அவர் வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

சாய்ந்த தலை நிமிரவே இல்லை.

அவர் என் கையிலிருந்த சவுக்கை மெதுவாக வாங்கிக்கொண்டார். திரும்பினார். ஜல்லிச் சாலையில் நடந்தார். சத்தமே இல்லை...

அவர் பனியில் மறைந்து ஒரு நிமிடம் இருக்காது. நாய்கள் வந்தன. மொத்தக் கூட்டமும். மோப்பம் பிடித்து ஓடும் வேட்டை நாய் வாயை மூடாது. இவை ஒரு சத்தமில்லாமல், வாலைத் தாழ்த்திக்கொண்டு, என்னைத் தாண்டி ஓடின. பின்னால் வார்டில். நாய்களை நடத்துகிற பெரியவர். முப்பது வருடம் அந்த வேலையில் இருந்த மனிதர். அவர் முகம் வெளுத்திருந்தது.

“மாஸ்டர் எந்தப் பக்கம் போனாரும்மா?”

“இப்படித்தான்... நடந்து போனார்.”

“நடந்தா? டோபி மேல இப்பதானே எங்களைத் தாண்டிப் போனார். கூப்பிடுறேன், திரும்பவே மாட்டேங்குறார். நாயெல்லாம் நரிய விட்டுட்டு அவர் பின்னாடி ஓடுது.”

“நான் அவரோட இங்க பேசிட்டிருந்தேன் வார்டில். இதே இடத்துல.”

வார்டில் என்னை உற்றுப் பார்த்தார். “வா,” என்றார்.

நொண்டும் பிரையரைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். அரை மைல் இருக்கும். காலையில் வேட்டை தொடங்கிய வயல். முதல் வேலி. டோபி வேலியோரம் தனியாக நின்றது. வார் தரையில் தொங்கியது. சேணத்தில் ஆள் இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் பள்ளம். பள்ளத்தைச் சுற்றி நாய்கள். உட்கார்ந்திருந்தன.

ஒன்றுகூடக் குரைக்கவில்லை.

வார்டில் இறங்கினார். குனிந்தார்.

“மொரீன்... வராத.”

போனேன்.

மாஸ்டர் கிடந்தார்.

தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. முகத்தில் சேறு அப்பியிருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினோம். மரக்கட்டைபோல் விறைத்திருந்தார்.

கழுத்தெலும்பு முறிந்திருக்கிறது, மதியத்துக்கு முன்பே உயிர் போய்விட்டது என்றார் டாக்டர். அது எப்படி என்று கேட்டவர்கள் ஒருவர் இருவர் இல்லை. மூன்று மணிவரை பிரையர் மேல் அவரைப் பார்த்ததாக வேட்டைக்கு வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். பனியில் வேறு யாரையோ பார்த்திருப்பீர்கள் என்று சொல்லி ஊர்ப் பெரியவர்கள் அவர்கள் வாயை அடைத்தார்கள். பேசாமல் குதிரையில் வந்தவர் யார், என்னோடு சண்டை போட்டவர் யார், இரண்டும் ஒரே ஆளா... எனக்கு இன்றுவரை தெரியாது.

அடக்கத்தன்று எல்லோரும் அவரைத் தங்கமான மனிதர் என்றார்கள். நான் பாதியிலேயே எழுந்து லாயத்துக்கு வந்துவிட்டேன். மறுநாள் அவருடைய தம்பி துப்பாக்கியோடு லாயத்துக்கு வந்தார்.

“ஆளக் கொன்ன குதிரைய வெச்சிருக்க மாட்டேன். தள்ளு.”

பிரையரின் கதவுக்கு முன்னால் நின்றேன். “குதிரை கொல்லல. வீங்கின கால்னு சொல்லியும் கேக்காம ஏறினார் பாருங்க, அந்தத் திமிர் கொன்னுது. சுடணும்னா முதல்ல என்னைச் சுடுங்க.”

என்னையும் குதிரையையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் துப்பாக்கியைத் தாழ்த்தினார். “அதையும் கூட்டிட்டுப் போயிடு. ரெண்டு பேரையும் இனிமே இங்க பாக்கக் கூடாது.”

போய்விட்டோம். வீடும் இல்லை, வேலையும் இல்லை. என் அக்காவின் பண்ணையில் பிரையர் பதினாறு வருடம் மேய்ந்தது. அதன் முதுகில் ஒருவரையும் நான் ஏறவிடவில்லை.

கிளம்பும் அன்று வண்டியில் பிரையரை ஏற்ற வார்டில் வந்து உதவினார். கதவைச் சாத்தியபிறகு, யாரும் இல்லையா என்று சுற்றிப் பார்த்தார். நான் சவுக்கால் அடித்ததை அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவரிடமும்தான்.

“டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டுக் கேட்டாரும்மா,” என்றார். “மாஸ்டரை யாரு சவுக்கால அடிச்சதுன்னு.”

நான் வண்டிக் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டேன்.

“இடது கன்னத்துல, காதுலேர்ந்து தாடை வரைக்கும் ஒரே கோடு. தடிச்சு வீங்கியிருந்துச்சு. செத்த உடம்பு வீங்காதாம். அடிச்சப்ப உயிர் இருந்திருக்கணுமாம். ஆனா காயம் ஒரு மணி நேரம்கூட ஆகாத காயமாம்.” வார்டில் குரலைத் தாழ்த்தினார். “நான் டாக்டர்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லலம்மா. அன்னிக்குப் பள்ளத்துலேர்ந்து தூக்கினப்ப, அவர் கன்னம் என் கழுத்துல பட்டுச்சு. உடம்பெல்லாம் பனிக்கட்டியா கிடந்துச்சு...

“அந்த ஒரு கோடு மட்டும் சூடா இருந்துச்சு.”