முழங்காலுக்கு இறங்கிய இருமல்

என் வீட்டுக்காரர் செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய்க்கான குலை வெட்டுகிறவர். சுவா டவுனிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் எங்கள் தோட்டம். நீளக் கம்பத்தின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து நின்று இழுக்க வேண்டும். கால் ஊன்றாவிட்டால் குலை தலைமேல்தான் விழும். வெட்ட முடியாதவனுக்குத் தோட்டத்தில் வீடும் கிடையாது. அவருடைய வலது முழங்கால் வீங்கியபோது நான் முதலில் வீட்டை நினைத்தது அதனால்தான்.

முதலில் வந்தது இருமல். தொண்டைக் கரகரப்பு, காய்ச்சல். அது குறையுமுன்பே முழங்கால் இளநீர் மாதிரி வீங்கிவிட்டது. தொட்டால் சுட்டது.

"மூட்டப் புடிச்சா கொசுக் காய்ச்சல்தான் லா," என்றார் பக்கத்து வீட்டு மண்டோர், தோட்டத்தில் வேலை வாங்குகிற கங்காணி.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. முன்பொரு முறை சிக்குன்குனியா வந்து எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப்பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அன்றிலிருந்து எங்களுக்கு மூட்டு வலி என்றால் கொசு. நானும் நம்பினேன். தண்ணீர் பீப்பாய்களைக் கவிழ்த்தேன். கால்வாய்ப் புல்லை வெட்டினேன். அவரைக் கொசுவலைக்குள் படுக்க வைத்தேன். தோட்ட ஆபீசிலிருந்து ஆள் வந்து புகை அடித்தான். அந்தப் புகையில் அவர் இன்னும் இருமினார். இருமலைப் பற்றி ஒரு நாய்கூட யோசிக்கவில்லை.

லயத்துச் சனம் முறை வைத்து வந்தது. வலைக்குள்ளேயே நுழைந்து, அவர் மூச்சு முகத்தில் படுகிற தூரத்தில் உட்கார்ந்து, எண்ணெய் போட்டு முழங்காலைத் தேய்த்தார்கள். மண்டோர் தேய்த்ததுதான் மோசம்.

"மெதுவாண்ணே, உசுரு போவுது!"

"குலை மேல விழுந்தாக்கூட நீ கத்த மாட்ட. எண்ணெய்க்கு அழுவுறியே."

சூடு தணியவில்லை. ஒரு நாள் விடிந்ததும் அவரால் கட்டிலிலிருந்து காலைக் கீழே இறக்க முடியவில்லை. லோரிக்காரரைக் கெஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

டாக்டர் நம் தமிழ்ப் பெண்தான், ரஹாங் ஊரில் வளர்ந்தவள். அவர் இருமியதைக் கேட்டதும் முகக்கவசத்தை நீட்டினாள். மூக்கில் குச்சி விட்டாள், இரத்தம் எடுத்தாள், முழங்காலில் ஊசி குத்தித் தண்ணீரை இழுத்தாள். சிக்குன்குனியா இல்லை. கோவிட்.

"கோவிட்டா? அதான் முடிஞ்சு போச்சே," என்றார் இவர்.

"அது அதுக்குத் தெரியாதே அங்கிள்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நெஞ்சுல வர்ற கிருமி முழங்காலுக்குள்ள போயிருச்சா? உள்ள இருந்து மூட்டத் தின்னுதா?" என்று கேட்டேன்.

"உள்ளயே போய் உக்கார்றது அபூர்வம் அக்கா. பெரும்பாலும் நம்ம உடம்புதான் கிருமிய அடிக்கிறேன்னு கிளம்பி மூட்டையும் சேத்து அடிச்சிருது."

"பெரும்பாலும்னா? இவருக்கு எது?"

"அத என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா சீழ் வைக்கிற வேற கிருமி இருந்தா அது மூட்டத் தின்னுரும். அதுக்குத்தான் தண்ணி எடுத்தோம். ரிசல்ட் வரட்டும்."

கத்திவிட்டேன். மண்டோர் தப்பாகச் சொன்னாலும் அடித்துச் சொன்னார். இவ்வளவு படித்தவள் தெரியாது என்கிறாள். அவள் கோபப்படவில்லை. "கால யாராவது தேய்ச்சாங்களா?" என்று கேட்டாள். விரல் விட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். ஒரு கை போதவில்லை. அத்தனை பேரும் அவர் மூச்சுப் பட உட்கார்ந்திருந்தது அப்போதுதான் உறைத்தது.

வெளியே வந்து மண்டோருக்குப் போன் போட்டேன். பேசும் முன்பே இருமினார்.

"கோவிட்டா? ஐயோ, எனக்கும் முட்டி வீங்குமா?"

"வீங்குனா நான் வந்து தேய்க்கிறேன். கத்தாம இருங்க."

போனை வைத்த பிறகுதான் நினைவு வந்தது. மண்டோர் வீட்டில் வயசான மாமியார் இருக்கிறார். எங்கள் வீட்டு இருமல் அங்கே போயிருந்தால் என்ன செய்வது?

ரிசல்ட் வரும்வரை ஆஸ்பத்திரியில் அவர் கட்டில் பக்கத்திலேயே கிடந்தேன். புறங்கையால் அந்த முழங்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சூடு குறைந்த மாதிரி இருக்கும், அடுத்த முறை கூடின மாதிரி இருக்கும். தோட்டத்து வீட்டைக் காலி செய்தால் சாமான்களை எங்கே இறக்குவது என்று மனசு அதுபாட்டுக்கு ஓடியது.

சீழ்க் கிருமி இல்லை என்று வந்தது. மாத்திரையில் வீக்கம் மெல்ல வடிந்தது. மண்டோர் இருமித் தீர்த்தார், முட்டி வீங்கவில்லை. மாமியாரும் தப்பித்தார். இவர் மறுபடி கம்பத்தைத் தூக்கினார். கிருமி உள்ளே போனதா இல்லையா என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

லயத்தில் இப்போதும் யாருக்காவது மூட்டு வலித்தால் பீப்பாயைத்தான் கவிழ்க்கிறார்கள். சொல்லிப் பார்த்துத் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

நேற்றுக் காலை இவர் இரண்டு தரம் இருமினார். பிறகு பூட்ஸ் மாட்ட வாசலில் குந்தினார். நான் அடுப்பை விட்டு வந்து நின்றேன்.

"என்னா அப்படிப் பாக்குற?"

"ஒண்ணுமில்ல. எந்திரிங்க."

கதவைப் பிடிக்காமல் எழுந்தார். முகக்கவசத்தை எடுத்துக் கையில் திணித்தேன்.