கரூர் என்று எழுதிய அட்டை

2024 ஜூன் 12, புதன். 9.10க்குக் கடை ஷட்டரைத் தூக்கினேன். 9.15க்கு எடைக்கல் வைத்துத் தராசைச் சரிபார்த்தேன். 9.30க்குத் தேநீர். சிட்னிப் புறநகர் பரமட்டாவில் பழங்காசு விற்கும் கடை. காசை அடையாளம் கண்டு, விவர அட்டை எழுதிக் கையெழுத்திடுவது பதினான்கு வருடமாக என் வேலை.

9.40க்கு முதலாளி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். இரண்டு வருடமாக விற்காத ரோமானிய வெள்ளிக் காசு ஒன்றை, ஒரு டெனாரியஸை, மேசையில் வைத்தார். முன்பக்கம் பேரரசர் அகஸ்டஸ். கன்னத்தில் உளி வெட்டு. பின்பக்கம் கேடயமும் ஈட்டியுமாக இரண்டு இளவரசர்கள்.

“தம்பி, ரோமன் காசு கிடைக்கிற கரூர் ஆத்துக்குள்ள எடுத்ததெண்டு எழுதும். வெள்ளி நல்லதோ எண்டு எங்கட ஆக்கள் வெட்டிப் பாத்தவை எண்டும் போடும்.”

“லண்டன் ஏலத்துல வாங்குன பில் ஃபைல்ல இருக்கு அண்ணே. அதுல கரூர்னு எங்கயும் இல்ல.”

“வெட்டு இருக்குத்தானே? அதுக்கு ஒரு ஆறு வேணும். எழுதும்.”

எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். விலை மூன்று மடங்கானது.

11.20க்கு பிளாக்டவுனிலிருந்து ஒருவர் வந்தார். ஐடி வேலை, சொந்த ஊர் கரூர். அட்டையைப் படித்ததும் கண் கலங்கிவிட்டார். காசை அதுவரை பார்க்கவே இல்லை.

“இவங்க ரெண்டு பேரும் யாரு சார்? எனக்கும் ரெண்டு பசங்க. அவங்களுக்குத்தான் வாங்குறேன்.”

“அகஸ்டஸோட பேரப்பசங்க. தத்தெடுத்து, இவங்கதான் வாரிசுன்னு ஊருக்கெல்லாம் காட்ட அடிச்ச காசு. பட்டத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் செத்துட்டாங்க.”

முதலாளி என் காலை மிதித்தார். அகஸ்டஸ் நடக்கப்போகாததை வெள்ளியில் அடித்தார்; இவர் நடக்காததை அட்டையில் அடிக்கிறார். தொழில் ஒன்றுதான்.

“பரவால்ல சார், கரூர்ல கிடைச்சதாச்சே! எங்க சித்தப்பா தொல்லியல் துறையில ரிட்டயர் ஆனவர். கார்டை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புறேன்.”

கரூரில் எடுத்தது உண்மையானால், இந்தியச் சட்டப்படி அப்படிப்பட்ட காசை வெளிநாட்டில் விற்கக் கொண்டுவர முடியாது. பொய்யானால் மோசடி. எதுவானாலும் அட்டையின் அடியில் இருப்பது என் பெயர்.

“ஐயா, படம் ஒண்டும் வேண்டாம்,” என்றார் முதலாளி. ஜூன் குளிரிலும் அவருக்கு வியர்த்தது. “கரூர் எண்டா... கரூர் மாதிரி.”

“மாதிரின்னா?” வந்தவர் என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க சார். கையெழுத்து உங்களுதுதானே?”

“ஆமா, என்னுதுதான். கரூர்னு சொல்ல எந்த ஆதாரமும் இல்ல. எழுதச் சொன்னாங்க, எழுதினேன்.”

அவர் கண் உடனே காய்ந்தது. “அப்ப இந்த வெட்டுக்கு எவ்வளவு கொறைப்பீங்க?”

விலை படியவில்லை. போய்விட்டார். அதே வெள்ளி, அதே வெட்டு, அதே இளவரசர்கள். கண்ணீர் மட்டும் அட்டைக்கு வந்தது.

“நாளைக்கு வாறதெண்டா நான் சொன்னதுக்குக் கையெழுத்து வைக்கிற ஆளா வாரும்,” என்றார் முதலாளி. “இல்லாட்டி வர வேண்டாம்.”

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு: லத்தீன் எழுத்து ஆறு மாதத்தில் பிடிபட்டுவிடும். காசில் இல்லாததை எழுத மறுப்பதற்கு எனக்குப் பதினான்கு வருடம் போதவில்லை.

ஜூன் 13, வியாழன். 9.10க்கு ஷட்டரைத் தூக்கினேன். தராசைத் தொடவில்லை. முதல் வேலையாக அந்தக் காசுக்குப் புது அட்டை எடுத்து, ‘கிடைத்த இடம்: தெரியாது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.