அத்தை சுற்றவைத்த விமான எஞ்சின்

நான் ஐந்தாவது படித்த வருடம் எங்கள் பள்ளியில் சென்னைக்குச் சுற்றுலா அழைத்துப் போனார்கள். பழைய விமானங்களும் ராக்கெட்டுகளும் வைத்திருக்கும் காட்சியகம் ஒன்றைப் பார்ப்பதாக ஏற்பாடு. பெண் பிள்ளைகளுக்குத் துணையாக யாராவது ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண் வரவேண்டும் என்று டீச்சர் கேட்டிருந்தார். அம்மாக்கள் எல்லாம் யோசித்துக்கொண்டிருக்க, என் அத்தை மட்டும் கேட்ட உடனே வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணமான இரண்டே வருடத்தில் கணவனை இழந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். வீட்டு டிராக்டரை அவள்தான் ஓட்டுவாள். அப்பாவுக்கும் ஓட்டத் தெரியும். ஆனால் வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் அவர் செய்யத் தெரிந்த ஒரே ரிப்பேர், அத்தைக்குப் போன் போடுவது. எங்கள் ஊர் மானாம்பதியில் யார் வீட்டு பம்ப்செட் மக்கர் செய்தாலும் அத்தையைத்தான் தேடி வருவார்கள். எஞ்சின் சத்தத்தை மீறிப் பேசிப் பழகியதால் அவளுக்கு மெதுவாகப் பேச வராது. என் கவலையெல்லாம் அதைப் பற்றித்தான்.

காட்சியகத்துக்குள் நுழைந்ததும் கவலை மறந்துவிட்டது. கூரையிலிருந்து ஒரு சின்ன விமானம் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. விண்வெளிக்குப் போகிறவர்கள் போடும் வெள்ளை உடுப்பு, ஆள் இல்லாமலே கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றது. ஒரு கூடம் முழுக்க ராக்கெட்டுகள், குட்டியிலிருந்து பெரியது வரை. நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நடந்தோம்.

கடைசிக் கூடத்தில் ஒரு நிஜ ஜெட் எஞ்சின் இருந்தது. உள்ளே இருப்பது தெரியும்படி ஒரு பக்கத்தை அறுத்து வைத்திருந்தார்கள். பொத்தானை அழுத்தினால் முன்பக்கத்து விசிறி சுற்றும் என்றார் காவலுக்கு நின்றவர். நாங்கள் முப்பது பேரும் முறை வைத்து அழுத்தினோம். எங்கோ உள்ளே ‘உர்ர்’ என்று ஓடியதே தவிர விசிறி அசையவில்லை. காவலர் உதட்டைப் பிதுக்கினார். டீச்சர் எங்களை வெளியே போகச் சொன்னார்.

அத்தை போகவில்லை. இரும்புச் சங்கிலியைத் தாண்டிப் போய், எஞ்சின் நின்ற மேடையின் மேல் காதை வைத்தாள்.

“யம்மா! உள்ள போவக் கூடாது, வெளிய வாங்க!” என்று காவலர் ஓடிவந்தார்.

“மோட்டார் நல்லா ஓடிக்கினு கீது சார். பெல்ட்டு கயண்டுக்கிச்சு, அவ்ளோதான்,” என்றாள் அத்தை. கூடம் முழுக்க எதிரொலித்தது.

“அதெல்லாம் உனக்கு இன்னாத்துக்கு? ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? எல்லாரையும் வெளிய அனுப்பிடுவேன்.”

டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. என் தோழிகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். அத்தை மட்டும் நகரவில்லை.

“முப்பது புள்ளைங்க அம்மாந் தூரத்துலேந்து வந்துகீதுங்க சார். ரிப்பேர் பாக்கறவர ஒரு தடவ கூப்புடுங்க. நான் சொன்னது தப்புன்னா நானே வெளிய போயிடறேன்.”

சத்தம் கேட்டு, கண்ணாடி போட்ட வயதான மெக்கானிக் ஒருவர் ஸ்பானர் பையோடு வந்தார். மேடையின் பக்கத்துத் தகட்டைக் கழற்றினார். பெல்ட் கழன்று கீழே கிடந்தது. அவர் நிமிர்ந்து அத்தையை ஒரு பார்வை பார்த்தார். பெல்ட்டை மாட்ட அவருடைய கை உள்ளே நுழையவில்லை. அத்தை வளையல்களைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுத் தரையில் ஒருக்களித்துப் படுத்தாள். தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டாள்.

“இப்போ போல்ட்ட முறுக்குங்கண்ணா. இன்னும் கொஞ்சம். போதும்.”

எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, “பாப்பா, நீ அமுத்து,” என்றாள்.

அழுத்தினேன். விசிறி மெல்ல அசைந்தது. அப்புறம் அதன் இலைகள் ஒன்றோடொன்று கலந்து வெள்ளி வட்டமாகிவிட்டன. பிள்ளைகள் கத்திய கத்தலில் அடுத்த கூடத்துக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிரித்த தோழிகளிடம் நான், “எங்க அத்தை,” என்று தேவையில்லாமல் சொன்னேன்.

மெக்கானிக் அத்தைக்கு எல்லாவற்றையும் காட்டினார். முன்னால் காற்றை இழுக்கும், நடுவில் அமுக்கும், எரிக்கும், பின்னால் தள்ளும். அத்தை விரல் விட்டு எண்ணினாள்.

“அப்போ நம்ம டிராக்டர் பண்ற அதே நாலு வேலதான். அது ஒண்ணொண்ணா பண்ணும், இது எல்லாத்தையும் ஒரே நேரத்துல பண்ணிக்கினே கீது. அதானேண்ணா?”

“காலேஜ் பசங்களுக்கு இத புரியவெக்க எனக்கு அரை நாள் ஆவுதும்மா,” என்றார் அவர். தன் அறைக்குப் போய், எஞ்சின் படம் போட்ட சிறிய தமிழ்ப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அத்தை அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

திரும்பும்போது பஸ் செங்கல்பட்டைத் தாண்டியதும் பின்சீட்டுக்காரர்கள் பாட்டுப் போட்டு ஆட ஆரம்பித்தார்கள். நான் எழுந்தேன். அத்தை என்னை உட்காரவைத்துப் புத்தகத்தைக் கையில் கொடுத்தாள்.

“படி கேப்போம்.”

படித்தேன். இன்னொரு தடவை என்றாள். படித்தேன். மறுபடியும் என்றாள். நான் தப்பில்லாமல் படிக்கிறேனா என்று சோதிக்கிறாள் என எனக்குக் கோபம் வந்தது. மூன்றாம் முறை வேண்டுமென்றே நடுவில் இரண்டு வரிகளைத் தாண்டிப் படித்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை கண்டுபிடிக்கவில்லை. ஏமாற்றிவிட்ட குஷியோடு பின்சீட்டுக்கு ஓடினேன்.

கைக்குழந்தையாக இருந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சின்ன வயதில் அத்தையைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை என்பது எனக்குத் தெரியவர இன்னும் பல வருடங்கள் ஆயின. அன்றைக்கு ஆட்டத்தின் நடுவே ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். அத்தை புத்தகத்தை மடியில் விரித்து, எழுத்துகளின் மேல் ஒவ்வொன்றாக விரலை வைத்து நகர்த்திக்கொண்டிருந்தாள். விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன்.