ராடெனின் கையை ஒடித்தவன்

மேற்கு ஜாவாவில், சியாஞ்சூர் சந்தைக்குப் பின்னால், குதிரை வண்டிகள் நிற்கும் இடத்துக்கு எதிரே என் கடை. காப்பியும் பொரித்த வாழைப்பழமும் விற்கிறேன். வண்டிக்காரர்கள் என்னை அக்கா என்பார்கள். ஓசியில் இன்னொரு காப்பி வேண்டுமென்றால் அழகான அக்கா என்பார்கள். தார்சா மட்டும் அப்படியெல்லாம் பேசத் தெரியாதவன். வருவான், ஓரமாக உட்காருவான், குடிப்பான், போவான்.

அவன் இந்த ஊர்க்காரன் இல்லை. போகோர் பக்கம், சிமந்தே. அந்த ஊரில் பிறந்த ஆம்பிளைக்குச் சிலாட் என்கிற சண்டைக்கலையும் தெரியும், ஒடிந்த எலும்பைச் சேர்க்கவும் தெரியும். ஒடிக்கத் தெரிந்தவனுக்கு ஒட்டவும் தெரியத்தானே வேண்டும். தார்சா வண்டி ஓட்டிப் பிழைத்தான். யாராவது கை கால் முறிந்து வந்தால் குதிரையை அவிழ்த்துவிட்டு, மூங்கில் தப்பையும் எண்ணெய்க் குப்பியுமாக உட்கார்ந்துவிடுவான். அதில் ஒரு கறார் உண்டு. எப்படி ஒடிந்தது என்று நோயாளி தன் வாயால் சொல்லாமல் எண்ணெயைத் தொட மாட்டான். கட்டை அவிழ்த்துப் புதுக்கட்டு போடும் ஒவ்வொரு முறையும் கேட்பான். அது அவன் அப்பா போட்ட விதி. விழுந்து ஒடிந்த எலும்பு வேறு, அடிபட்டு ஒடிந்த எலும்பு வேறு, பொய் சொன்னால் எலும்பு கோணலாகச் சேரும் என்பாராம் அவர்.

அவன் பெண்டாட்டி ஒனெங் பெரிய வீட்டுப் பெண். பெயருக்கு முன்னால் ராடென் என்று பட்டம் போட்டுக்கொள்ளும் குடும்பம். பள்ளிக்கூடத்துக்கு அவன் வண்டியில் போய் வந்தவள், ஒருநாள் இறங்க மனசில்லாமல் அப்படியே இருந்துவிட்டாள் என்று நாங்கள் கேலி செய்வோம். அவள் அண்ணன் ராடென் விகந்தா தங்கையைத் தலைமுழுகவில்லை. நல்லது கெட்டதுக்கு அழைப்பார். ஆனால் தார்சாவுக்கு முன்கூடத்தில் நாற்காலி விழுந்ததே இல்லை. பின்கட்டில் அடுப்புக்குப் பக்கத்தில்தான் அவனுக்கு இலை.

விகந்தாவும் சிலாட்காரர், சிகாலோங் முறை. அதுவும் சிமந்தேயிலிருந்து பிரிந்து வந்ததுதான். பெரிய வீடுகளில் வளர்ந்ததால் கொஞ்சம் மெருகு கூடிப்போனது. சிமந்தேக்காரன் முன்கையோடு முன்கையை மோதி மோதிக் காய்ப்பேற்றுவான். எண்ணெய் தேய்ப்பான், மறுபடி மோதுவான். வருகிற அடியை அந்தக் கையாலேயே அடித்துத் தள்ளுவான். நாளடைவில் கைக்கு வலியே தெரியாது. சிகாலோங்காரர் எதிராளியின் கைமேல் தன் கையை மெத்தென்று வைப்பார், காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல. அவன் என்ன செய்ய நினைக்கிறான் என்பதைத் தோல் வழியாகவே கேட்டுக்கொள்வார். அவன் நினைத்து முடிப்பதற்குள் தரையில் உட்கார்ந்திருப்பான். சபந்தார்காரர்கள் என்று இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களைத் தள்ளினால் தள்ளினவன்தான் விழுவான். இந்த மூன்று கூட்டமும் ஒன்றாகக் காப்பி குடிக்க வந்தால் என் கடையில் ஆகிற சத்தம் சந்தைக்குள் ஆகாது. ஒருத்தரை ஒருத்தர் எருமை என்பார்கள், தலையணை என்பார்கள், கடைசியில் எல்லாரும் சொந்தக்காரர்கள்தான்.

விகந்தா மகளுக்குக் கல்யாணம் நடந்தது. பலகாரத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மத்தியானம் மழை விட்டதும் முற்றத்தில் மேளமும் குழலும் தொடங்கின. ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் முறைப்படி ஆடினார்கள். ஆட்டம் முடிந்தால் விரும்பியவர்கள் கையோடு கை வைத்துப் பார்ப்பார்கள். அது விளையாட்டு. யாரும் யாரையும் அடிப்பதில்லை, அடி வந்திருக்கும் என்று காட்டுவதோடு சரி.

விகந்தா பட்டுத் துணியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு பின்கட்டுப் பக்கம் திரும்பினார்.

"எங்க நம்ம மாப்ள? அடுப்பங்கரையில ஒளிஞ்சுக்கிட்டா விட்ருவனா? அந்த உலக்கைக் கையைத் தூக்கிக்கிட்டு வாய்யா."

தார்சா கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். புதுச் சட்டை, ஒனெங் தைத்தது. இருவரும் கை வைத்தார்கள். அவ்வளவுதான் தெரியும், தார்சா ஈரப் புல்லில் உட்கார்ந்திருந்தான். கூட்டம் சிரித்தது. எழுந்து மறுபடி கை வைத்தான், மறுபடி உட்கார்ந்தான். சட்டையின் முதுகெல்லாம் சேறு. விகந்தா குனிந்து அவனுக்குக் கை கொடுத்தார்.

"சிரிக்காதீங்கப்பா. சிமந்தேதான் எங்களுக்கெல்லாம் தாத்தா. வயசான மனுசன் விழுந்தா நாமதான தூக்கி விடணும்."

புது மாப்பிள்ளை வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒனெங் தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். அவளும் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். சிரிக்காவிட்டால் அண்ணன் வீட்டில் என்ன செய்ய முடியும்? தார்சா அவளைப் பார்த்தான். மறுபடி கையை நீட்டினான்.

இந்த முறை விழவில்லை. முன்கையைத் தூக்கி விகந்தாவின் கைமேல் முழு பலத்தோடு இறக்கினான். பச்சை மூங்கில் ஒடிகிற சத்தம் கேட்டது. மேளக்காரன் நிறுத்திவிட்டான்.

"மன்னிச்சிருங்க மச்சான்," என்று தார்சா பதறினான். "புல்லு ஈரம், கால் வழுக்கிருச்சு."

விகந்தா முகம் சாம்பல் பூத்திருந்தது. தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு சுற்றி இருந்தவர்களைப் பார்த்தார். "ஆமா, ஆமா, வழுக்கிருச்சு. மேளத்தை ஏன்டா நிறுத்தினீங்க?" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார்கள். அவர் கேட்கவில்லை. சிமந்தேக்காரன் வீட்டிலேயே இருக்கும்போது ஆஸ்பத்திரி எதுக்கு என்றார். அங்கேயே, கல்யாணக் கூடத்திலேயே, தார்சா எண்ணெய்க் குப்பியோடு அவர் எதிரில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும்தான் அவனுக்கு அப்பா போட்ட விதி ஞாபகம் வந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்காமல் விட்டால் ஏன் கேட்கவில்லை என்று ஒருத்தராவது யோசிப்பார்கள்.

"எப்படி ஒடிஞ்சது, மச்சான்?"

"வழுக்கினதுல ஒடிஞ்சது," என்றார் விகந்தா.

தார்சா எண்ணெயைத் தொட்டான்.

சிமந்தே சிலாட் பழகத் தொடங்கும்போது சத்தியம் செய்வார்கள். பெருமை பீற்றக்கூடாது, பொறாமைப்படக்கூடாது, பொய் சொல்லக்கூடாது, வீணாகக் கை ஓங்கக்கூடாது, இப்படி நீளமாகப் போகும். கையால் ஒரு சத்தியத்தையும் வாயால் இன்னொரு சத்தியத்தையும் ஒரே மூச்சில் உடைத்துவிட்டேன் அக்கா என்று பின்னால் என்னிடம் சொன்னான். அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

கட்டு மாற்ற அவன் அந்த வீட்டுக்குப் போய்வந்தான். முதலில் பின்வாசல் வழியாகப் போனான். பிறகு விகந்தாவே முன்வாசலில் வரச் சொன்னார். முன்கூடத்தில் நாற்காலி போட்டார்கள். பீங்கான் கோப்பையில் காப்பி வந்தது. பெரிய வீடுகளிலிருந்து ஆட்கள் சுளுக்கென்றும் முறிவென்றும் அவனைத் தேடி வரத் தொடங்கினார்கள். ஒனெங்குக்குக் கால் தரையில் படவில்லை. சந்தையில் பார்க்கிறவர்களை எல்லாம் நிறுத்தி, எங்க அண்ணன் கையையே இவர்தான் சேத்து வச்சாரு என்பாள். என்னிடமே எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். அவனோ நாளுக்கு நாள் இளைத்தான். வைத்த காப்பி ஆறிப்போய் ஈ மொய்க்கும்.

"என்னடா, பொண்டாட்டி சோறு போடலையா?" என்று கேட்டேன்.

"போடுறா அக்கா. எனக்குத்தான் இறங்கல."

ஒவ்வொரு முறை கட்டை அவிழ்க்கும்போதும் அவன் கேட்டாக வேண்டியிருந்தது, எப்படி ஒடிஞ்சது. ஒவ்வொரு முறையும் அவர் வழுக்கினதுல ஒடிஞ்சது என்றார். அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு அந்தக் கையையே மடியில் வைத்து நீவிவிட வேண்டும். பிடுங்கித் தின்கிற வெட்கத்தோடு தினமும் அந்தத் தெருவில் வண்டியைத் திருப்பினான். மனுசனுக்கு வாய் எதற்கு இருக்கிறது என்று எனக்குக் கோபம் வருகிறது, இப்போதும்.

தப்பையை நிரந்தரமாகக் கழற்றும் நாள் வந்தது. எலும்பு நேராகச் சேர்ந்திருந்தது. விகந்தா விரல்களை மடக்கிப் பார்த்தார். ஒனெங்கும் கூட வந்திருந்தாள், அண்ணன் வீட்டுச் சமையலறையில் காப்பி கலந்துகொண்டிருந்தாள். இதற்குமேல் நடந்ததைப் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள், இரண்டு பேர் சொன்னதிலும் ஒரு சொல்கூட மாறவில்லை.

"மச்சான்," என்றான் தார்சா. "அன்னைக்கு வழுக்கல."

"தெரியும்."

தார்சா தலை நிமிரவில்லை.

"என் கைமேல உன் கை இருந்துச்சுல்ல," என்றார் விகந்தா. "நீ ஓங்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சு போச்சு. அதுக்குத்தான இத்தனை வருசமா இதைப் பழகினேன்."

"அப்ப ஏன் விலகல?"

"சிரிச்சுக்கிட்டிருந்தேன்யா. சிரிப்பை நிறுத்திட்டு விலகறதுக்குள்ள நீ இறக்கிட்ட." கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த அடி எனக்கு வேண்டியதுதான். அதைப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல. தங்கச்சி தலைகுனிஞ்சு நிக்கக்கூடாதேன்னு அன்னைக்கு ஒரு பொய்யச் சொன்னேன். சரி, அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். நீ விடலையே. வந்து உக்காந்து உக்காந்து கேட்ட. இன்னைக்காவது இவன் சொல்லிருவான், எனக்கு இன்னொரு பொய் சொல்ற வேலை மிச்சமாகும்னு ஒவ்வொரு தடவையும் பாத்தேன். வலிச்சது கை இல்ல மாப்ள."

தார்சா என்னிடம் இதைச் சொல்லும்போது இந்த இடத்தில் நிறுத்திவிட்டான். தான் சொன்னது ஒரே ஒரு பொய் என்றுதான் அதுவரை நினைத்திருந்தானாம். ஒரு நல்ல மனுசனை உட்கார வைத்து இத்தனை பொய் சொல்ல வைத்தது தான்தான் என்று அந்த நிமிஷம் வரை உறைக்கவில்லை. செத்துவிடலாம்போல இருந்தது என்றான்.

ஒனெங் காப்பித் தட்டோடு கதவருகில் நின்றிருந்தாள். தட்டை மேசைமேல் வைத்தாள்.

"ஊரெல்லாம் உங்களைப் பத்திப் பெருமையாச் சொல்லி வச்சிருக்கேன்," என்றாள். "அத்தனை பேர்கிட்டயும் போய் நான் எப்படித் திருப்பிச் சொல்றது?"

"நான் சொல்றேன்," என்றான்.

நேராக வண்டி நிற்கும் இடத்துக்கு வந்தான். நான் அப்போது சட்டியில் பழத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன். வண்டிக்காரர்கள் எல்லாரும் நிழலில் இருந்தார்கள். அவர்கள் நடுவில் போய் நின்றான்.

"ராடென் கை வழுக்கி ஒடியல. நான்தான் ஒடிச்சேன். வேணும்னே ஒடிச்சேன்."

ஒருத்தன் தொடையைத் தட்டினான்.

"அட்றா சக்கை. நம்ம தார்சாவா?"

"நான் அப்பவே சொன்னேன்ல, சிமந்தே அடி சும்மா வழுக்காதுன்னு."

"பின்கட்டுல சோறு போட்டாங்கல்ல, வட்டியோட குடுத்துட்டான்."

"இல்லப்பா, கேளுங்க," என்றான் தார்சா. "நான் செஞ்சது தப்பு. விளையாட்டுல கை ஓங்கிட்டேன். அதை மறைச்சேன்."

"பாத்தியா அடக்கத்தை," என்றான் முதலில் பேசினவன். தார்சா முதுகில் ஓங்கித் தட்டினார்கள். ஒருத்தன் அவன் முன்கையைத் தூக்கி மற்றவர்களுக்குத் தொட்டுக் காட்டினான். அக்கா, இவனுக்கு ஒரு காப்பி, என் கணக்குல, என்று மூன்று குரல் ஒரே நேரத்தில் வந்தது. தார்சா கையை உருவிக்கொண்டு என் கடை ஓரத்தில் வந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் மடிக்குள் செருகிக்கொண்டான்.

"சொல்லாம இருந்தா பொய்," என்றான். "சொன்னா பெருமை. நான் என்ன பண்றது அக்கா?"

ஒரு காப்பியை அவன் முன்னால் வைத்தேன், யார் கணக்கிலும் எழுதவில்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. விகந்தா வீட்டு முன்கூடத்தில் அவன் நாற்காலி அப்படியே இருக்கிறது, அவன்தான் உட்காருவதில்லை. ஒனெங் அவனிடம் பேசுகிறாள், அவனைப் பற்றி வெளியில் பேசுவதில்லை. எங்கெங்கிருந்தோ கை கால் முறிந்தவர்கள் வருகிறார்கள். வந்தவர்கள் என் கடையில் விசாரித்துவிட்டு அவன் எதிரில் போய் உட்காருகிறார்கள். எப்படி ஒடிந்தது என்று அவன் கேட்பதற்கு முன்பே அவர்கள் கேட்டுவிடுகிறார்கள், ராடென் கையை ஒடிச்சது நீங்கதானாமே. அவன் பொய் சொல்வதில்லை. ஆமாம் என்று தலையைக் குனிந்துகொள்கிறான். எவ்வளவு தன்னடக்கம் பாருங்கள் என்று அவர்கள் திரும்பிப் போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.