ஆள் இருக்கு

எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே, தேயிலைக்கு நடுவில், போன வருஷம் கூடாரங்கள் போட்டார்கள். இதுவரை கூடாரத்தில் படுத்தே பார்க்காத டவுன் ஆட்களுக்காம். பயமில்லாமல் பழகட்டும் என்று மெத்தை, வெந்நீர், சரிவில் பிடித்து ஏறக் கயிறு எல்லாம் வைத்தார்கள். கொழுந்து வேலையிலிருந்து நின்றுவிட்ட என்னைப் பெருக்கித் துடைக்க வைத்துக்கொண்டார்கள். அதிலெல்லாம் எனக்குக் கோபம் இல்லை. அட்டையைக் கண்டு அலறுகிற பிள்ளைகள் வந்து மழையைப் பார்த்துவிட்டுப் போகட்டுமே.

கோபமெல்லாம் அந்தக் கக்கூஸ் மேல்தான்.

"பாத்ரூம் பத்திக் கவலையே வேண்டாமுங்க. லேடீஸ் தைரியமாப் போலாமுங்க" என்று மேனேஜர் தம்பி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். பளபளவென்று வெள்ளையாக இருக்கும். நான்தான் கழுவுவேன். கழுவும்போதெல்லாம் வயிறு எரியும்.

இதே மலையில்தான் காலமெல்லாம் கொழுந்து எடுத்தேன். அவசரம் என்றால் செடி மறைவுதான். ஒருத்தி குந்துவாள். இன்னொருத்தி இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துத் திரையாகப் பிடித்து, அவளுக்கு முதுகைக் காட்டி நிற்பாள். யாராவது வந்தால் "ஆள் இருக்கு!" என்று சத்தம் கொடுக்க வேண்டும். அவள் எழுந்து வரும்வரை நகரக் கூடாது. எனக்குக் கூச்சத்தில் சத்தமே வராது. "ஒன்ன நம்பிக் குந்துனா ஊரே பாத்துட்டுப் போயிரும்டி" என்று கேலி செய்வார்கள். அந்தக் கூச்சத்தில் தண்ணீர் குடிக்காமல் கிடந்து, நீர்க்கடுப்பில் துடித்திருக்கிறேன். எஸ்டேட்டில் எங்களுக்கு ஒரு கக்கூஸ் கேட்டபோது, அவ்வளவு மேட்டுக்குக் குழாய் ஏறாது என்றார்கள். ரெண்டு நாள் தங்குகிறவர்களுக்கு மட்டும் எப்படி ஏறியது?

இப்போது என் மருமகள் அங்கே கொழுந்து எடுக்கிறாள். நிறைமாதம் நெருங்குகிறது. ஒரு நாள் காலையில் கூடையை இறக்கிவிட்டு, கக்கூஸைக் கழுவி முடித்த என்னிடம் வந்தாள்.

"மாமி, குந்துனா எந்திரிக்க முடியல. இதுல போயிட்டு வந்துரட்டா?"

மேனேஜர் காதில் விழுந்துவிட்டது. "ஏனுங்கம்மா, இது கெஸ்ட்டுக்குங்க. புதுசா வர்றவங்க மொகம் சுளிப்பாங்க. ஒருத்தர விட்டா எல்லாரும் கூடையோட வந்து நிப்பாங்க."

நிற்கட்டுமே என்று சொல்ல நினைத்தேன். மருமகளின் படங்கை அவிழ்த்து வாங்கினேன். அவளை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். கதவுக்கு முதுகைக் காட்டி, படங்கை விரித்துப் பிடித்து நின்றுகொண்டேன்.

"அம்மா, சொன்னாக் கேளுங்க. நகருங்க."

நகரவில்லை. அதற்குள் கூடாரத்திலிருந்து ஒரு பெண் பல் தேய்த்தபடி வந்தது. "உள்ள யாராச்சும் இருக்காங்களா பாட்டி?"

"கிளீனிங்குங்க மேடம், இப்ப முடிஞ்சிரும்" என்றார் மேனேஜர்.

எங்கிருந்துதான் வந்ததோ எனக்கு அந்தச் சத்தம்.

"ஆள் இருக்கு!"

கீழே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.